மாமியாரிடம் கேட்கக் கூடாத கேள்விகள்

ஜனவரி 12

அன்புள்ள அத்தைக்கு,

வணக்கம். நான் நலம். உங்கள் முழங்கால் வலி இப்போது தேவலையா? தைலம் தடவுகிறீர்களா, இல்லை விடுதிப் பெண்களுக்குத் தடவிவிட்டே தீர்த்துவிட்டீர்களா?

உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் பதறியிருப்பீர்கள். பயப்பட ஒன்றும் இல்லை. போனில் கேட்கலாம்தான். ஆனால் உங்கள் விடுதி ஆபீசில் போனை எடுத்தால் பின்னால் வரிசையில் நிற்கும் பெண்கள் எல்லோருக்கும் காது முளைத்துவிடும். அதனால்தான் கடிதம்.

என்னை இந்த நாட்டிலேயே நிரந்தரமாக இருக்க விடுவதற்கு உங்கள் மகள் போட்ட விண்ணப்பம் இப்போது கடைசிக் கட்டத்துக்கு வந்திருக்கிறது. சீக்கிரம் நேர்காணலுக்குக் கூப்பிடுவார்கள். புருஷனை ஓர் அறையில், பெண்டாட்டியை ஓர் அறையில் உட்காரவைத்து ஒரே கேள்விகளைக் கேட்பார்களாம். பதில்கள் பொருந்தவில்லை என்றால், விசாவுக்காகக் கட்டிய தாலி என்று எழுதி என்னைத் திருப்பி அனுப்பிவிடுவார்களாம். நாங்கள் கல்யாணமான கையோடு பிரிந்தவர்கள். அவள் வேலைக்காக முன்னால் வந்தாள், நான் போன வருடம்தான் வந்தேன். சேர்ந்து இருந்த நாட்களை விட போனில் பேசிய நாட்கள்தான் அதிகம். அதனால் உங்களிடம் கேட்கிறேன். அவளுடைய இடது முழங்காலில் இருக்கும் தழும்பு எப்படி வந்தது? சின்ன வயதில் எதற்குப் பயப்படுவாள்?

எனக்கு இன்னும் வேலை செய்ய அனுமதி வரவில்லை. சமைக்கிறேன், அவளுடைய நர்ஸ் உடுப்புகளைத் துவைத்துத் தேய்க்கிறேன். எங்கள் கட்டிடத்து லிஃப்ட் வேறு நின்றுபோய்விட்டது. ஆறு மாடி ஏறி இறங்குகிறேன். ஊரில் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவன் இப்படிப் படியேறுவதைப் பார்த்தால் உங்களுக்குச் சிரிப்பு வரும். சத்தத்தைக் கேட்டாலே எனக்கு என்ன கோளாறு என்று தெரிகிறது. ஆனால் ஸ்பேனரைத் தொடக் கூடாது. கை அரிக்கிறது அத்தை.

இந்தக் கடிதம் பற்றி அவளிடம் சொல்ல வேண்டாம்.

உங்கள் மாப்பிள்ளை


பிப்ரவரி 3

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

ஆசீர்வாதம். நான் நலம். முழங்கால் என் பேச்சைக் கேட்பதில்லை, நானும் அதன் பேச்சைக் கேட்பதில்லை. இரண்டு பேரும் ஒரே வீட்டில் ஒருவாறு காலம் தள்ளுகிறோம்.

தழும்பு கதை கேளுங்கள். விடுதிக் காப்பாளர் மகள் என்றால் வாசல் வழியாகப் போய் வரலாம். யார் தடுக்கப்போகிறார்கள்? ஆனால் பெரிய பெண்கள் சுவர் ஏறிக் குதித்து சினிமாவுக்குப் போவதைப் பார்த்து, நம் வாண்டுக்கும் சுவர் ஏறியே தீர வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. ஏறினாள், விழுந்தாள். ரத்தம் வழிய வந்து நின்றுகொண்டு, "நான் தனியாத்தான் போனேன்மா, வேற யாரும் இல்ல" என்றாள். பின்னால் நாலு பெண்கள் திருதிருவென முழித்தார்கள். அன்றைக்கே எனக்குத் தெரியும், இவளுக்குத் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தெரியாது, அடுத்தவரைக் காப்பாற்றத்தான் வாய் வரும் என்று.

பயம் என்றால், யாராவது பெட்டி கட்டினால் பயப்படுவாள். லீவுக்கு விடுதிப் பெண்கள் ஊருக்குப் போகும் நாட்களில் சமையலறையில் போய் உட்கார்ந்துகொள்வாள். ஏன் என்று இன்னொரு சமயம் சொல்கிறேன்.

ஒன்று கேட்கலாமா? "நான் நலம்" என்று எழுதியிருக்கிறீர்கள். அவள் எப்படி இருக்கிறாள் என்று ஒரு வார்த்தை இல்லையே. மறந்துவிட்டீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். ஆனால் உங்களுக்கு மறதி அதிகம் இல்லை.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

அன்புடன்,
அத்தை


பிப்ரவரி 21

அன்புள்ள அத்தைக்கு,

வணக்கம். அவள் நலம். நானும் நலம். கடிதம் கிடைத்தது. சுவர் ஏறிய கதையைப் படித்து வாய்விட்டுச் சிரித்தேன். வீட்டில் யாரும் இல்லாததால் எனக்கே என் சிரிப்பு ஒரு மாதிரியாக இருந்தது.

இன்னும் சில சந்தேகங்கள். நேர்காணலுக்குப் போய் வந்தவர் ஒருவர் சொன்னார், ரொம்ப சில்லறை விஷயமாகக் கேட்பார்களாம். காப்பிக்கு எத்தனை கரண்டி சர்க்கரை போடுவாள்? படுக்கையில் எந்தப் பக்கம் படுப்பாள்? காலையில் எழுந்ததும் முதலில் என்ன செய்வாள்? இதெல்லாம் எனக்குத் தெரியும்தான். ஆனால் சமீபத்தில் பழக்கம் ஏதாவது மாறியிருந்தால், போனில் உங்களிடம் சொல்லியிருப்பாளோ என்று கேட்கிறேன்.

லிஃப்ட் இப்போது ஓடுகிறது. எப்படியோ சரியாகிவிட்டது.

இங்கே குளிர் கொஞ்சம் குறைந்திருக்கிறது. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மாப்பிள்ளை


மார்ச் 11

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

ஆசீர்வாதம். நலம், நலமறிய ஆவல். இந்த முறை அந்த ஆவல் சும்மா சம்பிரதாயத்துக்கு அல்ல.

கட்டின பெண்டாட்டி எந்தப் பக்கம் படுப்பாள் என்று மாமியாரிடம் கேட்ட முதல் ஆண்பிள்ளை நீங்களாகத்தான் இருப்பீர்கள். படித்ததும் தலையில் அடித்துக்கொண்டேன். பிறகு கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொரு முறை படித்தேன்.

நான் இருபத்தைந்து வருடமாக இந்த விடுதியில் பெண்களின் சாக்குகளைக் கேட்டுப் பிழைக்கிறவள். "பெரியப்பா வந்திருக்காரு மேடம்" என்றால், வாசலில் நிற்பவர் பெரியப்பாவா வேறு யாராவதா என்று அவள் தலை சீவியிருப்பதிலேயே சொல்லிவிடுவேன். என்னிடம் காது குத்தாதீர்கள். ஓடாத லிஃப்ட் "எப்படியோ" சரியாகாது. அதை எழுதியவர் லிஃப்ட் மெக்கானிக் என்றால் நிச்சயமாக ஆகாது. அப்புறம், வாண்டு முன்பெல்லாம் போன் பண்ணினால் பின்னால் நீங்கள் பாத்திரம் உருட்டும் சத்தம் கேட்கும். இப்போது யாரோ ஒரு பெண் சிரிக்கும் சத்தம் கேட்கிறது. "டிவிமா" என்றாள். டிவி அவளைப் பேர் சொல்லிக் கூப்பிடுமா?

அவள் எங்கே இருக்கிறாள்?

நான் அவளிடம் கேட்கப்போவதில்லை. கேட்டால், சுவரில் தனியாகத்தான் ஏறினேன் என்பாள். நீங்கள் சொல்லுங்கள். திட்ட மாட்டேன். திட்டினாலும் கடல் தாண்டி என் கை வராது.

அன்புடன்,
அத்தை


மார்ச் 29

அன்புள்ள அத்தைக்கு,

வணக்கம். இதற்கு மேல் மழுப்பிப் பிரயோஜனம் இல்லை.

டிசம்பரில் ஒருநாள் நாலாவது மாடியில் இருக்கும் நிறைமாதக் கர்ப்பிணி லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டாள். ஆள் வர நேரமாகும் என்று லிஃப்ட் கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். உள்ளிருந்து கதவைத் தட்டும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. என்னால் சும்மா நிற்க முடியவில்லை. மேலே மெஷின் அறைக்குப் போய் லிஃப்டைக் கையால் இறக்கி, கதவைத் திறந்துவிட்டேன். வாண்டுதான் அந்தப் பெண்ணைக் கைத்தாங்கலாக வெளியே கூட்டிவந்தாள். அன்றைக்கு அவளுக்கு என் மேல் கோபம்கூட இல்லை.

அதோடு நிறுத்தியிருக்கலாம். கட்டிடத்து மேனேஜர் திரும்பத் திரும்ப வந்து கதவைத் தட்டினார். நானும் போனேன். காசு எதுவும் வாங்கவில்லை. ஆனால் அவளிடம் சொல்லவும் இல்லை. ஜனவரி முதல் வாரத்தில் ஒருநாள் அவள் வெள்ளை உடுப்பின் கையில் கிரீஸ் விரல் பதிந்திருந்தது. தேய்த்தவன் நான்தானே. கையும் களவுமாக மாட்டிக்கொண்டேன்.

"உங்களுக்குக் கை சும்மாவே இருக்காதா? யாராவது ஒருத்தர் எழுதிப்போட்டா போதும், அனுமதியில்லாம வேல பாக்கறான்னு. உங்கள கொண்டுபோய் பிளேன்ல ஏத்திவிட்டுடுவாங்க. அப்புறம் நான் என்ன பண்றது?"

"காசே வாங்காத வேலைக்கு என்னடி பெரிய பஞ்சாயத்து?" என்றேன். அதைச் சொல்லியிருக்கக் கூடாது. ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் கூட வேலை செய்யும் நர்ஸின் வீட்டுக்குப் போய்விட்டாள். வாரம் ஒருமுறை வந்து தேய்த்த உடுப்புகளை எடுத்துக்கொண்டு, அழுக்கை வைத்துவிட்டுப் போகிறாள். அடுப்பில் ஏதாவது இருந்தால் மூடியைத் திறந்து பார்க்கிறாள். சாப்பிடுவதில்லை.

ஜனவரியில் உங்களுக்கு எழுதியபோது லிஃப்ட் மறுபடி நின்றிருந்தது உண்மை. ஸ்பேனரைத் தொடக் கூடாது என்று எழுதியதும் உண்மை. ஆனால் பிப்ரவரியில் கை கேட்கவில்லை.

மே கடைசியில் நேர்காணல். வேறு வேறு வீட்டில் இருக்கிறோம் என்று தெரிந்தால் அன்றோடு என் கதை முடிந்தது. அதுவரைக்குமாவது வீட்டுக்கு வந்து இருக்கச் சொல்லி நீங்கள் ஒரு வரி எழுதினால் கேட்பாள். காலில் விழுந்து கேட்கிறேன் அத்தை.

உங்கள் மாப்பிள்ளை


ஏப்ரல் 16

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

ஆசீர்வாதம். உண்மையைச் சொன்னதற்காக முதலில் ஒரு நன்றி. திட்ட மாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன், அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு எழுதுகிறேன்.

நான் அவளுக்கு எழுத மாட்டேன். அதிகாரிக்குக் காட்டுவதற்காக என் பெண்ணை உங்கள் வீட்டில் கொண்டுவந்து வைக்க நான் தயாராக இல்லை. அவள் வந்தால் உங்களுக்காக வரட்டும்.

ஆனால் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது. அவளே இதுவரை உங்களிடம் சொல்லவில்லை என்றால் நான் சொல்லக் கூடாது. இருந்தாலும் சொல்கிறேன். உங்கள் மாமா வெளிநாட்டில் டிரைவராக இருந்தார் என்று சொல்லியிருப்பாள். எப்படித் திரும்பி வந்தார் என்று சொல்லியிருக்க மாட்டாள். லீவு நாளில் ஒரு நண்பருக்காக வேறு வண்டி ஓட்டினார். அவ்வளவுதான். அனுமதி இல்லாத வேலை என்று பிடித்து அனுப்பிவிட்டார்கள். வாண்டுக்கு அப்போது ஒன்பது வயது. பள்ளிக்கூடம் விட்டு வந்தாள். வாசலில் அப்பா ஒரே ஒரு பெட்டியோடு நின்றுகொண்டிருந்தார். நான் விடுதியில் இருந்தேன், வீடு பூட்டியிருந்தது. சாயங்காலம் நான் வரும்வரை இரண்டு பேரும் பெட்டியோடு வாசலிலேயே நின்றிருக்கிறார்கள். அதற்குப் பிறகு அவர் பத்து வருடம் உயிரோடு இருந்தார். நன்றாகத்தான் பேசுவார், சிரிப்பார். ஆனால் வேலை என்று எதையும் கையில் எடுக்கவில்லை. அந்த மனிதர் திரும்பி வரவே இல்லை மாப்பிள்ளை, பெட்டிதான் வந்தது.

அவளுக்கு உங்கள் மேல் கோபம் இல்லை. பயம். இனி உங்கள் பாடு.

அன்புடன்,
அத்தை


மே 5

அன்புள்ள அத்தைக்கு,

வணக்கம். கடிதத்தை மாடிப்படியில் நின்றுகொண்டே படித்தேன். மாமாவைப் போட்டோவில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன். எப்போதும் சிரித்துக்கொண்டிருப்பார்.

உடனே கிளம்பினேன். இனிமேல் வேலையைத் தொட மாட்டேன் என்று வாயால் சொன்னால் நம்ப மாட்டாள், கருவிகளையே கொண்டுபோய் அவள் கையில் கொடுத்துவிடலாம் என்று தோன்றியது. ரொம்பக் கெட்டிக்காரத்தனமான யோசனை என்று நினைத்துக்கொண்டேன். என் ஸ்பேனர், ஸ்க்ரூடிரைவர் எல்லாவற்றையும் பெரிய பையில் போட்டு, தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு அந்த நர்ஸ் வீட்டு வாசலில் போய் நின்றேன். அவள் கதவைத் திறந்தாள். என்னைப் பார்த்தாள், பையைப் பார்த்தாள். முகம் வெளிறிப்போய்விட்டது.

"ஐயோ, அனுப்பிட்டாங்களா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. உங்கள் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே போய் இப்படிச் செய்திருக்கிறேன். என்னைப் போன்ற மண்டு உலகத்தில் உண்டா? பையைத் தூர வைத்துவிட்டு, "இல்லடி, இல்லடி" என்று சொல்லிக்கொண்டே அப்படியே வாசலில் உட்கார்ந்துவிட்டேன். அவளும் உட்கார்ந்தாள். ரொம்ப நேரம் அழுதாள். பிறகு மாமா வந்து நின்ற சாயங்காலத்தைச் சொன்னாள். நான் முதல் தடவை கேட்பது போலக் கேட்டுக்கொண்டேன். நீங்கள் எழுதியதைச் சொல்லவில்லை, நீங்களும் சொல்லிவிடாதீர்கள்.

வீட்டுக்குக் கூப்பிட்டேன். "இப்ப வந்தா அந்த ஆபீசருங்களுக்காக வந்த மாதிரி இருக்கும். இன்டர்வியூ முடியட்டும், நமக்காக வரேன்" என்றாள். உங்கள் பெண்தான், சந்தேகமே இல்லை.

நேர்காணலில் என்ன சொல்வது என்று இருவரும் பேசவில்லை. பேச ஆரம்பித்தால் அது ஒத்திகையாகிவிடும் என்று அவளுக்கும் தோன்றியிருக்கும்.

கருவிப்பையை அவளே வைத்துக்கொண்டாள். வேண்டிக்கொள்ளுங்கள்.

உங்கள் மாப்பிள்ளை


ஜூன் 14

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

ஆசீர்வாதம். நேர்காணல் முடிந்திருக்க வேண்டும். கடிதம் இல்லை. வாண்டு போனில், "முடிஞ்சதுமா, அவர் எழுதுவாரு" என்று சொல்லி வைத்துவிட்டாள். தபால்காரர் என்னைக் கண்டாலே தூரத்திலிருந்தே கையை விரிக்கிறார்.

நல்லதோ கெட்டதோ எழுதுங்கள். மகளுக்காக மட்டும் கேட்கிறேன் என்று நினைக்காதீர்கள். ஜனவரியில் முதல் கடிதம் வந்தபோது நீங்கள் என் மகளின் புருஷன். இப்போது அப்படி இல்லை. நீங்கள் சாப்பிட்டீர்களா, தூங்கினீர்களா என்று எனக்கே யோசனை ஓடுகிறது. விடுதிப் பெண்களிடம் காரணமில்லாமல் எரிந்து விழுகிறேன். அவர்கள் உங்களைச் சபிக்கும் முன்னால் எழுதிவிடுங்கள்.

அத்தை


ஜூன் 22

அன்புள்ள அத்தைக்கு,

வணக்கம். மன்னியுங்கள். முடிவு தெரிந்த பிறகு எழுதலாம் என்று காத்திருந்தேன். அது இன்னும் வரவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். முதலில் என்னைக் கூப்பிட்டார்கள். அதிகாரி, எனக்காக மொழிபெயர்க்க நம் மொழி பேசும் ஓர் அம்மா, நான். உங்களுக்கு எழுதிக் கேட்ட கேள்விகளில் ஒன்றுகூட வரவில்லை. "இருவரும் ஒரே வீட்டில் இருக்கிறீர்களா?" என்றார் எடுத்த எடுப்பில். என்ன பொய் சொன்னாலும், விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்ட அவளும் அதில் மாட்டுவாள் என்று நினைத்தேன். இல்லை என்றேன். லிஃப்ட் கதை, கிரீஸ் கறை, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். உங்களை இங்கே இருக்க விடவில்லை என்றால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். நான் போய்விடுவேன், அவள் கஷ்டப்பட்டு வாங்கிய வேலை, அவள் இங்கேதான் இருக்க வேண்டும் என்றேன்.

அடுத்த அறையில் வாண்டு என்ன சொன்னாள் தெரியுமா? ஒரே வீட்டில்தான் இருக்கிறோம், அவர் இங்கே வந்ததிலிருந்து ஒருநாள்கூடப் பிரிந்ததில்லை, அவர் வீட்டில் ஒரு பல்பைக்கூட மாற்ற மாட்டார் என்று அடித்துச் சொல்லியிருக்கிறாள். என்னைக் காப்பாற்றுகிறாளாம்!

இருவரையும் ஒரே அறையில் உட்காரவைத்து இரண்டு பதிலையும் படித்துக் காட்டினார்கள். அவள் என் பக்கம் திரும்பினாள்.

"யாரு உங்கள உண்மைய சொல்லச் சொன்னா?"

"யாரு உன்ன பொய் சொல்லச் சொன்னா?"

"நான் சமாளிச்சிருப்பேன்ல?"

"நாளைக்கு உன் வேலைக்கு ஆபத்து வந்தா?"

"என் வேலைய நான் பாத்துக்கறேன். மூஞ்சி ஏன் இப்படி இருக்கு? காலைல சாப்ட்டீங்களா இல்லையா?"

"சாப்பிடல. நீ?"

"நான் மட்டும் எப்படி சாப்பிடுவேன்?"

மொழிபெயர்க்கும் அம்மா ஒரு வார்த்தை விடாமல் அதிகாரியிடம் சொல்லிக்கொண்டே வந்தார். அதிகாரி பேனாவை வைத்துவிட்டு ஏதோ கேட்டார். "எப்பவுமே இப்படித்தானான்னு கேக்கறாருப்பா" என்றார் அந்த அம்மா. இருவரும் ஒரே நேரத்தில் "ஆமாம்" என்றோம். அன்றைக்கு எங்கள் பதில் பொருந்தியது அந்த ஒரு இடத்தில்தான்.

அதிகாரி சிரிக்கவில்லை. அவள் பொய் சொன்னதையும் நான் லிஃப்டைத் தொட்டதையும் குறித்துக்கொண்டார். முடிவு தபாலில் வரும் என்றார். வெளியே வந்ததும், கேட்காமலே என்னோடு வீட்டுக்கு நடந்தாள். அது ஒன்றுதான் இப்போதைக்கு நல்ல செய்தி.

உங்கள் மாப்பிள்ளை


ஜூலை 10

அன்புள்ள மாப்பிள்ளைக்கும் வாண்டுக்கும்,

ஆசீர்வாதம். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே உறையில் எழுதுகிறேன், தபால்தலை மிச்சம்.

இப்படி இரண்டு அசடுகளை நான் என் விடுதியில்கூடப் பார்த்ததில்லை. வாண்டு, பொய் சொல்ல உனக்கு வராது என்று உன் முழங்காலே சொல்லும், எதற்கு இந்த வேலை? மாப்பிள்ளை, நீங்கள் சொன்னதுதான் சரி. முடிவு எதுவானாலும் அதில் மாற்றமில்லை.

இங்கே எல்லோரும் நலம். என் அறைக் கதவு ஒட்டிக்கொள்கிறது, ஆள் வைத்து இழைக்கச் சொல்லியிருக்கிறேன். நீங்கள் இருவரும் வந்தாலும் தங்க இடம் உண்டு. வராவிட்டால் இன்னும் சந்தோஷம். புரிந்திருக்கும்.

அன்புடன்,
அம்மா


செப்டம்பர் 9

அன்புள்ள அம்மாவுக்கு,

நாங்கள் இங்கே சௌக்கியம். உன் முழங்காலும் கதவும் எப்படி இருக்கின்றன? இந்த முறை நான் எழுதுகிறேன். உன் மாப்பிள்ளை பேனாவை என் கையில் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

முதலில் ஒன்று. அப்பா விஷயத்தை நீ அவருக்கு முன்னாலேயே எழுதிவிட்டாய் என்று எனக்குத் தெரியும். நான் சொல்லும்போது முதல் தடவை கேட்கிறவர் போல வாயைப் பிளந்தார். அவருக்கு நடிக்கவே வராது. உன் மேல் கோபம் இல்லை. என்னால் முன்பே சொல்ல முடியவில்லை அம்மா, அவ்வளவுதான்.

இன்றைக்குக் காலையில் தபால் வந்தது. லிஃப்ட் மறுபடி நின்றிருந்ததால் இருவரும் கீழே இறங்கிப் போய் எடுத்துக்கொண்டு படியேறி வந்தோம். மூன்றாவது மாடியில் அவருக்கு மூச்சு வாங்கியது. படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "நீயே பிரி" என்றார். அதற்கு முன்னால் நான் சொன்னேன், "உள்ள என்ன இருந்தாலும் நீங்க தனியா போக மாட்டீங்க. நானும் பொட்டி கட்டறேன். அந்த ஆபீசர்கிட்டயும் இதத்தான் சொன்னேன்." அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "உன் வேலைய விட்டுட்டு நீ எங்க வரப்போற?" என்று ஆரம்பித்தார். நான் விடவில்லை. சத்தம் போட்டுச் சண்டை போட்டுக்கொண்டே உறையைக் கிழித்தேன். ஒரு எச்சரிக்கை எழுதியிருந்தார்கள். அதற்குக் கீழே, இருக்கலாம், வேலை செய்யலாம் என்று இருந்தது.

நான் படித்துச் சொன்னேன். அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து வாயில் அழுத்திக்கொண்டார்.

அம்மா, அந்த அறையில் என்னிடம் என்னென்னவோ கேட்டார்கள். உன் புருஷன் எப்படி அழுவான் என்று கேட்டிருந்தால் எனக்குத் தெரிந்திருக்காது. இத்தனை வருடத்தில் நான் பார்த்ததே இல்லை. கொஞ்சம்கூடச் சத்தம் வராமல், துண்டைக் கடித்துக்கொண்டு, தோள் மட்டும் குலுங்க அழுகிறார். நான் முதுகைத் தடவிக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். யார் யாரோ படியேறி வந்தார்கள். எங்களுக்கு எழுந்து வழிவிடத் தோன்றவில்லை, அவர்களே ஒதுங்கித் தாண்டிப் போனார்கள்.

உன்,
வாண்டு